மருத்துவப் பட்டம் மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சென்ற பருவத்தில் நம் விலங்கியல் மன்றத்தில் ஒரு விவாதம் நடைபெற்றது. 'ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்குத் தலைமை தாங்கும் அதிகாரிக்கு வேண்டிய தகுதி யாது?' என்பது தலைப்பு. முதலில் பேசிய ஏழு பேரும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்: "சிறந்த மருத்துவராக இருக்க வேண்டும்." எட்டாவதாக எழுந்தவள் நான். "மருத்துவராக இருந்தால் மட்டும் போதாது" என்று தொடங்கினேன். உடனே பின் வரிசையிலிருந்து, "உனக்கு மெடிக்கல் சீட் கிடைக்கலைங்கற கோபமா?" என்று ஒரு குரல் வந்தது. அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இன்று நம் ஆண்டு மலரில் எழுத முனைகிறேன்.

கோபமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் டாக்டராக வேண்டும் என்று என்னைவிட என் அம்மாதான் அதிகம் ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. ஆனால், நான் சொல்ல வந்த கருத்துக்கும் அந்த ஏமாற்றத்துக்கும் தொடர்பில்லை. அந்தக் கருத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது எங்கள் தெரு.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வாந்தியும் பேதியும் பரவின. ஒரே இரவில் என் தம்பிக்குக் கண்கள் உள்ளே போய்விட்டன. அப்பா மூட்டை தூக்கும் வேலைக்கு வெளியூர் போயிருந்தார். அம்மா அவனைத் தோளில் போட்டுக் கொண்டு ஓடினார். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளில் அவன் எழுந்து உட்கார்ந்தான். அந்த மருத்துவரை எங்கள் குடும்பம் இன்றும் நன்றியோடு நினைக்கிறது. ஆனால், வீடு திரும்பிய எட்டாம் நாள் அவனுக்கு மறுபடியும் பேதி; மறுபடியும் குளுக்கோஸ். எதிர்வீட்டுப் பாட்டியோ மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

அதற்கு மறுநாள் எங்கள் தெருவுக்குச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். அவரிடம் ஊசி இல்லை. மருந்துப் பெட்டியும் இல்லை. நீளமான நோட்டு ஒன்றும், சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றும், சொட்டு மருந்துப் புட்டி ஒன்றும் வைத்திருந்தார். வீடு வீடாக ஏறி இறங்கினார். யாருக்குப் பேதி, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்கள், குழாய் திறந்தவுடன் வரும் தண்ணீரா, பின்னால் வரும் தண்ணீரா என்றெல்லாம் கேட்டு எழுதிக் கொண்டார். நோயில்லாத வீடுகளையும் அவர் விடவில்லை. பிறகு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்தை விட்டார். மேலத்தெருத் தண்ணீர் மஞ்சளாக மாறியது. எங்கள் தெருத் தண்ணீரில் நிறமே வரவில்லை. மஞ்சள் வந்தால் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று பொருள். இரண்டு தெருவுக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டிதான். அப்படியானால் எங்கள் தெருவுக்கு வரும் வழியில் ஏதோ ஓர் இடத்தில் அழுக்குக் கலந்து குளோரினைத் தின்றுவிடுகிறது. சாக்கடைப் பாலத்துக்கு அடியில் குழாய் விரிசல் விட்டிருக்க வேண்டும் என்றார் அவர். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் கசிவு வெளியே போகும். தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் குறைந்து, அதே விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். திறந்தவுடன் வரும் தண்ணீரைப் பற்றி அவர் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று மாலை எங்கள் திண்ணையில் அவர் உட்கார்ந்து எழுதிக் கொண்டிருந்தபோது ஊரில் செல்வாக்கு உள்ள ஒருவர் வந்தார். அந்தக் குழாய் போட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. தோண்டினால் பலருக்குச் சங்கடம். "சார், போன வாரம் கோயில்ல அன்னதானம் நடந்துச்சு. அந்தச் சாப்பாட்டால வந்ததுன்னு எழுதிடுங்களேன். எல்லாருக்கும் நல்லது" என்றார். ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினார். "அன்னதானத்துல மேலத்தெருக்காரங்களும்தானே சாப்பிட்டாங்க? அங்க ஒருத்தருக்கும் பேதி இல்லை. இந்தத் தெருவுல அன்னதானத்துக்கே போகாத வீட்டுலயும் இருக்கு. நான் எப்படிங்க எழுதுறது? அப்படி எழுதினா குழாயை யாரும் தோண்ட மாட்டாங்க" என்றார்.

அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார். குழாய் தோண்டப்பட்டது. விரிசல் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. அதை மாற்றிய ஒரு வாரத்தில் தெருவில் பேதி நின்றது. "ஒருத்தருக்கும் ஊசியே போடாம எப்படிடி நின்னுச்சு?" என்று அம்மா என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் படிக்கத் தொடங்கினேன்.

மருத்துவர் தம் முன்னால் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரம் அறிந்தவர் தெருவையே ஒரு நோயாளியாகப் பார்க்கிறார். முன்னவருக்கு வேண்டிய அறிவு உடலைப் பற்றியது. பின்னவருக்கு அந்த அறிவோடு, மனிதரை எண்ணவும், நோயுற்ற வீட்டை நோயற்ற வீட்டோடு ஒப்பிடவும், குழாயையும் குப்பையையும் கூலியையும் கணக்கில் சேர்க்கவும் தெரிய வேண்டும். 1854-ஆம் ஆண்டு இலண்டனில் பிராட் தெருவில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்னோ செய்தது இதைத்தான். இறந்தவர்கள் எந்த அடிகுழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அவருடைய முடிவை முதலில் நம்பாமல் தாமே வீடு வீடாக விசாரித்து, இறுதியில் அதற்கு வலுவான சான்று தேடித் தந்தவர் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். அவர் மருத்துவர் அல்லர்.

இனி ஒரு நாட்டின் தலைமைப் பதவிக்கு வருவோம். எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல் பதவியைக் கொள்கிறேன். இதன் தகுதி பற்றி அந்நாட்டில் பலமுறை வெளிப்படையான வழக்காடல் நடந்திருக்கிறது என்பதே காரணம். இந்தப் பதவியின் வேர் கப்பல் தொழிலாளரிடம் இருக்கிறது. 1798-இல் இயற்றிய சட்டப்படி மாலுமிகளின் சம்பளத்தில் மாதம் 20 சென்ட் பிடித்து, அவர்களுக்காக மருத்துவமனைகள் நடத்தினார்கள். 1871-இல் அவற்றுக்குத் தலைவராக ஜான் உட்வொர்த் என்ற மருத்துவர் அமர்த்தப்பட்டார். அவர் வழியில் வந்ததே இன்றைய பதவி. இதில் அமர்பவரை 'நாட்டின் மருத்துவர்' என்று அம்மக்கள் அழைக்கின்றனர். குடியரசுத் தலைவர் முன்மொழிய, செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள்.

தகுதியைப் பற்றி அந்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பொதுச் சுகாதாரப் பணியின் சீருடைப் படைப்பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரத் திட்டங்களில் தனிப்பயிற்சியோ குறிப்பிடத்தக்க பட்டறிவோ உடையவராக இருக்க வேண்டும். இவ்விரண்டே அந்தப் பிரிவு கேட்கும் தகுதிகள். மருத்துவப் பட்டம் என்ற சொல் அங்கே இல்லை! நடைமுறையில் மருத்துவர்களே வந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் 2017-இல் சில மாதங்கள் சில்வியா டிரென்ட் ஆடம்ஸ் என்ற செவிலியர் பொறுப்பு வகித்தார். 2025-இல் முன்மொழியப்பட்ட ஒருவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆனால் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சியை முடிக்காமல் விலகியவர். எனவே தகுதி பற்றிய வாதம் அங்கே மீண்டும் சூடுபிடித்தது.

இந்த அதிகாரியின் கையில் பெரிய நிதியில்லை, பெரும் படையுமில்லை. அவர் சொல்லே அவருக்குள்ள ஆயுதம். மக்கள் நம்பினால் அந்தச் சொல் மலையையும் அசைக்கும். நம்பாவிட்டால் காற்றோடு போகும். ஆகவே நம்பத்தக்க சொல்லைச் சொல்ல எது வேண்டும் என்று கேட்பதே சரியான கேள்வி. மூவரின் வரலாற்றைப் பார்ப்போம்.

முதலாமவர் லூதர் டெரி. சிகரெட் உடலுக்குக் கேடா என்று ஆராய அவர் 10 அறிஞர் கொண்ட குழுவை அமைத்தார். ஏற்கெனவே இப்பக்கமோ அப்பக்கமோ கருத்துச் சொன்ன எவரையும் அதில் சேர்க்கவில்லை. பரிசீலனைக்கு வந்த பெயர்களில் வேண்டாதவற்றை நீக்கும் உரிமையைப் புகையிலை நிறுவனங்களுக்குக்கூடக் கொடுத்தார். குழுவில் புகைபிடிப்பவர்களும் இருந்தார்கள். அவர்கள் 7,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, சிகரெட் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று முடிவு சொன்னார்கள். 1964 ஜனவரி 11 அன்று அறிக்கை வெளியாயிற்று. பங்குச் சந்தை கலங்காமலிருக்கச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அந்தச் சொல்லின் எடையைப் பார்த்துக் கொள்ளுங்கள். 1965-இல் அந்நாட்டில் வயது வந்தோரில் 42 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். 2022-இல் அது ஏறத்தாழ 12 சதவீதம். மறுக்க முடியாத முறையில் சான்றைத் திரட்டியது டெரியின் தகுதி.

இரண்டாமவர் எவரெட் கூப். என் கட்சிக்கு எதிரான சாட்சி இவர். 1981-இல் முன்மொழியப்பட்டபோது இவர் புகழ்பெற்ற குழந்தை அறுவை மருத்துவர். பொதுச் சுகாதாரப் பட்டறிவு அற்றவர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கமே இவரை எதிர்த்தது. செனட் ஒப்புதலுக்குப் பல மாதங்கள் காத்திருந்தார். ஆனால், பதவிக்கு வந்தபின் நடந்ததென்ன? எய்ட்ஸ் நோயைப் பற்றிப் பேசவே அரசு கூசிய நாளில், 1986-இல் எளிய மொழியில் அறிக்கை எழுதினார். நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, ஆணுறை எதற்கு, பள்ளியில் பாலியல் கல்வி ஏன் வேண்டும் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். 1988-இல் ஒரு துண்டு வெளியீடு அந்நாட்டின் 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அஞ்சலில் போயிற்று. அவரை ஆதரித்தவர்கள் முகம் சுளித்தார்கள், எதிர்த்தவர்கள் பாராட்டினார்கள். இன்னும் ஒன்று. கருக்கலைப்பை அவர் தம் சமயப் பற்றினால் கடுமையாக எதிர்த்தவர். அது பெண்களின் மனநலத்தைக் கெடுக்கிறது என்று அறிக்கை தருவார் என அவரை அமர்த்தியவர்கள் எதிர்பார்த்தார்கள். 1989 ஜனவரியில் அவர் குடியரசுத் தலைவர் ரீகனுக்கு எழுதிய கடிதத்தில், அப்படியோ இப்படியோ முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார். தம் விருப்பத்துக்கும் தம்மை அமர்த்தியவர் விருப்பத்துக்கும் மேலாகச் சான்றை வைத்தார். பயிற்சியில் இருந்த குறையை இந்த நேர்மையும், துறை அறிஞர்களிடம் கேட்டுக் கற்ற பணிவும் ஈடுசெய்தன.

மூன்றாமவர் ரிச்சர்டு கார்மோனா. இவர் கதையைப் படித்தபோது எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. நியூயார்க்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, படையில் சேர்ந்து, பிறகு செவிலியராகி, மருத்துவராகி, பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றவர். 2002-இல் சர்ஜன் ஜெனரல் ஆனார். ஏட்டிலுள்ள தகுதி ஒவ்வொன்றும் அவரிடம் இருந்தது. ஆனால், பதவியிலிருந்து இறங்கியபின் 2007-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சொன்ன சாட்சியம் என்ன? உரைகளின் ஒவ்வொரு பக்கத்திலும் குடியரசுத் தலைவரின் பெயரை மூன்று முறை சொல்லும்படி தம்மிடம் கூறினார்கள் என்றார். உலக நலவாழ்வு பற்றிய அறிக்கை வெளிவராமல் தடுக்கப்பட்டது என்றார். அன்று அதே குழுவின் முன் அமர்ந்து கூப்பும் சாட்சியம் சொன்னார்.

இந்த மூவரையும் சேர்த்து எண்ணினால் விடை கிடைக்கிறது. மருத்துவ அறிவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது வாயிற்படி. வீட்டுக்குள் இருக்க வேண்டியவை வேறு. முதலாவது, மக்களைக் கூட்டமாக எண்ணிப் பார்க்கும் பயிற்சி. இரண்டாவது, நோய் பிறக்கும் தெருவில் நின்ற பட்டறிவு. மூன்றாவது, எண்ணிக் கண்டதை அமர்த்தியவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு. முதலிரண்டில் குறை இருந்தால் கூப்பைப் போல் உழைத்து நிரப்பலாம். மூன்றாவது இல்லாவிட்டால் முன்னிரண்டும் பயனற்றவை.

"துணிவை எப்படி விண்ணப்பத்தில் அளப்பது?" என்று நண்பர்கள் கேட்கலாம். அளக்க வழி உண்டு. முன்பு வகித்த பதவிகளில், தமக்குச் சம்பளம் தந்தவருக்குப் பிடிக்காத கணக்கை எப்போதாவது வெளியிட்டிருக்கிறாரா என்று கேட்கலாம். அத்துடன், துணிவுள்ளவரைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும். நான்கு ஆண்டுப் பதவிக்காலம் சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் 1994-இல் ஜாய்செலின் எல்டர்ஸ் என்ற அம்மையார், பாலியல் கல்வி பற்றிய கேள்வி ஒன்றுக்குச் சொன்ன விடைக்காக ஒன்றரை ஆண்டுகூட நிறைவடையாமல் பதவி விலக நேர்ந்தது. அறிக்கையை யாருடைய முன் அனுமதியுமின்றி வெளியிடும் உரிமையையும், காரணம் காட்டாமல் நீக்க முடியாத நிலையையும் தராமல் ஒருவரிடம் துணிவை மட்டும் எதிர்பார்ப்பது அநீதி.

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் வரலாமா?" என்ற கேள்வியும் எழும். வரலாகாது. மருத்துவரல்லாதார் வருவதற்கும் பயிற்சியில்லாதார் வருவதற்கும் வேறுபாடு உண்டு. 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரான டெட்ரோஸ், அப்பதவிக்கு வந்தவர்களில் மருத்துவர் அல்லாத முதல்வர். ஆனால் அவர் நம்மைப் போல் உயிரியலில் இளங்கலை படித்தவர். தொற்றுநோய்த் தடுப்பாற்றலில் முதுகலையும் சமுதாய நலவாழ்வில் முனைவர் பட்டமும் பெற்றவர். அவருடைய பணியைப் புகழ்வோரும் உண்டு, குறை கூறுவோரும் உண்டு. பயிற்சியே இல்லாமல் வந்தார் என்று மட்டும் எவரும் சொல்ல முடியாது.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்த வகையில் நம் மாநிலம் பெருமைப்படலாம். 1939-லேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் கண்டது. மருத்துவமனைகளை நடத்தும் துறை வேறு, நோய் வராமல் காக்கும் துறை வேறு என்று பிரித்து, பின்னதற்குத் தனி இயக்குநரும் தனிப் பணியாளரும் இங்கே உண்டு. எங்கள் தெருவுக்கு வந்த ஆய்வாளர் அந்தத் துறையின் கடைக்கோடிக் கண். 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, எல்லா மாநிலங்களிலும் இத்தகைய தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்றும், பொதுச் சுகாதாரமும் அதனைச் சார்ந்த படிப்புகளும் அதில் சேரும் தகுதியாக வேண்டும் என்றும் கூறியது. இந்த எண்ணம் அடித்தளத்தோடு நின்றுவிடாமல் நாட்டின் தலைமைப் பதவி வரை ஏற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பின் வரிசையில் குரல் கொடுத்த நண்பருக்கு இனி விடை சொல்கிறேன். மெடிக்கல் சீட் எனக்குக் கிடைக்கவில்லை, உண்மைதான். இந்தப் பட்டம் முடித்ததும் பொதுச் சுகாதாரம் படிக்க எண்ணியிருக்கிறேன். தலைமைப் பதவிக்கெல்லாம் நான் ஆசைப்படவில்லை. ஏதோ ஒரு தெருவில் ஒரு நோட்டோடு நிற்கும் வேலை கிடைத்தாலும் போதும். ஆனால் ஒரு நாள் என்னிடமும் யாரோ வந்து, "அன்னதானச் சாப்பாடு என்று எழுதிவிடுங்களேன்" என்று சொல்லத்தான் போகிறார். அன்று நான் மறுத்து எழுதினால், என் நோட்டை மேலே வாங்குபவர் அதைக் கிழித்துப் போடாதவராக இருக்க வேண்டும். அவருக்கு மேலே இருப்பவரும், அவருக்கும் மேலே நாட்டின் உச்சியில் அமர்ந்திருப்பவரும் அப்படிப்பட்டவராக இருக்க வேண்டும். உச்சியில் இருப்பவர் உண்மைக்கு அஞ்சினால் அடியில் இருப்பவர் எத்தனை நாள் துணிவோடு எழுதுவார்?

எதிர்வீட்டுப் பாட்டியின் பெயர் அந்த ஆய்வாளரின் நோட்டில் ஒரு வரியாக இருக்கிறது. அந்த வரியை மதிக்கத் தெரிந்தவரே நாட்டின் தலைமைச் சுகாதார அதிகாரியாகத் தகுதி உடையவர். இது என் தாழ்மையான கருத்து. மாறுபடும் நண்பர்களை அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அன்போடு அழைக்கிறேன். இம்முறை உட்கார மாட்டேன்.